வெலிக்கா வீட்டு முட்டை

எங்கள் மலையூரான கோர்னா ரெக்காவில், மன்னிப்பு ஞாயிறு அன்று வெலிக்கா தன் வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட அவித்த முட்டை ஒன்பது வருடம் நிற்காமல் ஆடியது. கெட்டுப்போகவில்லை, சூடும் ஆறவில்லை. முதல் வருடம் ஊர் முழுக்க வந்து பார்த்தது. இரண்டாம் வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். மூன்றாம் வருடம் யாரும் வரவில்லை. அந்த வருடம் கம்பளி விலை இறங்கிப்போய் எல்லோருக்கும் வேறு கவலை இருந்தது.

முட்டை கட்டுவது ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அது. மறுநாள் முதல் ஈஸ்டர் வரை முட்டையும் பாலும் கிடையாது. அதனால் மிச்சமிருக்கும் முட்டையில் ஒன்றை அவித்து, உரித்து, சிவப்பு நூலில் கட்டி, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு வட்டமாகச் சுழற்றிவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வ வேண்டும். கவ்வியவருக்கு அந்த வருடம் நோயில்லை. கடைசியில் நூலைக் கொளுத்தி, அது எரிகிற விதத்தைப் பார்த்து விளைச்சல் எப்படி என்று சொல்வார்கள். இத்தனைக்கும் முன்னால் மன்னிப்பு முடிந்திருக்க வேண்டும். இளையவர்கள் மூத்தவர்களின் வீடு தேடிப் போய், தரை வரை குனிந்து, கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். மூத்தவர்கள் சொல்லும் பதிலில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் வழக்கம். நடுவில் நிறுத்தியவர் என்று ஊரில் யாரும் இருந்ததில்லை. வெலிக்கா நிறுத்தினாள்.

அவள் எதிரே குனிந்திருந்தவன் ராங்கெல். வெலிக்காவின் ஒரே மகன் யாசென் இறக்கக் காரணமானவன். இருவரும் பால்பல் விழுந்த காலத்திலிருந்து சேர்ந்தே திரிந்தவர்கள். ராங்கெலுக்குத் தாய் இல்லாததால் அவன் பாதி நாள் வெலிக்காவின் மேசையில்தான் சாப்பிட்டான். அவரைக்காய் சூப் என்றால் யாசெனுக்கு முன்னால் அவன்தான் தட்டை நீட்டுவான். ஒரு கோடையில், மழை வருவதற்குள் வெலிக்காவின் புல்லை மலை மேட்டிலிருந்து இறக்க ராங்கெல் டிராக்டர் ஓட்டினான். குடித்திருந்தான். யாசென் புல் குவியலின் மேல் மல்லாந்து படுத்திருந்தான். ஆற்றுக்கு மேலே உள்ள வளைவில் டிரெய்லர் கவிழ்ந்தது. ராங்கெலுக்கு முன்பற்கள் போயின, ஒரு கால் குட்டையானது. யாசெனை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். சிறையிலிருந்து ராங்கெல் திரும்பிய வாரத்தில் மன்னிப்பு ஞாயிறு வந்தது. அவன் வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் முதலில் வெலிக்கா வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டுப் பெங்காவின் பிள்ளைகள் முட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெலிக்கா அப்போதுதான் அதைச் சுழற்றிவிட்டிருந்தாள்.

"கடவுள் மன்னிப்பார்" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

ராங்கெல் குனிந்தபடியே காத்திருந்தான். பிள்ளைகளும் காத்திருந்தார்கள். முட்டை சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவன் எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அன்று எந்தப் பிள்ளையாலும் முட்டையைக் கவ்வ முடியவில்லை. வாய் நெருங்கினால் அது விலகியது. கையால் பிடித்தால் நின்றது, கையை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நூலை அறுக்கப் பார்த்தார்கள், கத்தி மழுங்கியதுதான் மிச்சம். பிள்ளைகள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள்.

பாதிரியார் மெத்தோடி மறுநாள் வந்து பார்த்தார். தவக்காலத்தில் வீட்டில் முட்டை இருப்பது நோன்புக்கு ஆகுமா என்பதே அவருடைய முதல் கவலை. தின்றால்தான் குற்றம், ஆடினால் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் லில்யானா ஒரு கடிகாரத்தோடு வந்தாள். அந்த நீள நூலுக்கு ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆக வேண்டுமோ அவ்வளவுதான் ஆகிறது, அதில் எந்தப் பிழையும் இல்லை, காற்று மட்டும் அதைத் தடுக்க மறந்துவிட்டது என்றாள். பாடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

முட்டையோடு வாழ்வது வெலிக்காவுக்குப் பழகிவிட்டது. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நடக்கும்போது எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்தது. பூனையும் முதல் மாதத்தோடு அதைத் துரத்துவதை விட்டது. பழக முடியாதது ஒன்றுதான். அந்த வீட்டில் பால் உறைய மறுத்தது. எவ்வளவு நல்ல உறை ஊற்றி, எவ்வளவு கம்பளியில் சுற்றி வைத்தாலும் காலையில் பால் பாலாகவே இருந்தது. நோன்பு நாட்கள் தவிர, தயிர் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் சாப்பாட்டை முடிப்பதில்லை. வெலிக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தினமும் பெங்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெங்கா தயிர் கொடுப்பாள், கூடவே வாயும் கொடுப்பாள்.

"ஏன்க்கா, பாதியிலேயே நிறுத்திட்டே? கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வச்சிட்டு சோறு போடாத மாதிரி இருக்கு."

"மீதி வரும்" என்றாள் வெலிக்கா. "அவன் குடியை விடட்டும்."

சொல் அன்றே ராங்கெலின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் குடியை விட்டான். பிளம் பழுத்து ஊரே சாராயம் காய்ச்சுகிற மாதத்திலும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்த மன்னிப்பு ஞாயிறு அன்று வந்து குனிந்தான். வெலிக்கா அவன் வாயை முகர்ந்து பார்த்தாள், வாசனை இல்லை. கடவுள் மன்னிப்பார் என்றாள். மீதி வரவில்லை. அந்த வளைவில் ஒரு சுவர் இருந்திருந்தால் டிரெய்லர் ஆற்றுக்குப் போயிருக்காது என்று பெங்காவிடம் சொன்னாள். ராங்கெல் ஒரு கோடை முழுக்க ஆற்றிலிருந்து கல் சுமந்து, குட்டைக் காலோடு மேட்டில் ஏறி, அந்த வளைவில் இடுப்பு உயரச் சுவர் கட்டினான். இப்போதும் அது நிற்கிறது. மூன்றாம் முறை வந்தபோது வெலிக்கா அவனை வெகுநேரம் பார்த்தாள். அவன் முகத்தில் முப்பதை நெருங்கும் ஒருவனின் சுருக்கங்கள் விழத் தொடங்கியிருந்தன. யாசெனின் முகத்தில் அவை இனி விழப்போவதில்லை.

"கடவுள் மன்னிப்பார்" என்றாள். "உன்னைப் பார்த்தா எனக்கு அவன் வயசு ஞாபகம் வருது. என் கண்ணு முன்னாடி வராதே."

"சரி அத்தை" என்றான் ராங்கெல்.

மறுநாளே மலை முகட்டில் உள்ள ஆட்டுக்கிடைக்குப் போய்விட்டான். ஊராரின் ஆடுகளை மேய்த்தான். மாவும் உப்பும் அங்கேயே அனுப்பப்பட்டன. அடுத்த மன்னிப்பு ஞாயிறு அன்று வெலிக்கா பாலாடைக்கட்டி வைத்துப் பனீட்சா என்னும் மடிப்பு அடை சுட்டு, நல்ல கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெங்காவின் பிள்ளைகள் வந்து கையை முத்தமிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இரண்டு வாக்கியமும் கிடைத்தது. அதன்பின் யாரும் வரவில்லை. அவள் கேட்டபடியே அவன் அவள் கண் முன்னால் வரவில்லை. கேட்க இனி ஒன்றுமில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. முட்டை ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே ஐந்தாறு வருடம் போயிற்று. பெங்காவின் மூத்த மகள் கல்யாணமாகிப் போனாள், பாதிரியாருக்கு முழங்கால் மடங்க மறுத்தது, பேருந்து வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. கிடையில் ராங்கெல் மறுபடி குடிக்கிறான் என்று ஆடு வாங்கப் போனவர்கள் சொன்னார்கள். வெலிக்கா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். எனக்கு அப்போதே தெரியும் என்ற தலையாட்டல் அது. ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் வருடம், மன்னிப்பு ஞாயிறுக்கு எட்டு நாள் முன்னால், ஆன்மாக்களின் சனிக்கிழமை வந்தது. அன்று கல்லறைக்குப் போய் அவித்த கோதுமை வைத்து, மண்ணில் திராட்சை மது ஊற்றுவது வழக்கம். ஒவ்வொரு வருடமும் வெலிக்கா மது ஊற்றிக்கொண்டே மகனிடம் ஒரே செய்தியைச் சொல்வாள். அவனை இன்னும் மன்னிக்கவில்லை, நீ நிம்மதியாகத் தூங்கு. அந்த வருடமும் சொன்னாள். மது மண்ணில் இறங்கவில்லை. கண்ணாடித் தட்டில் ஊற்றியது போல மேலேயே நின்றது. பக்கத்துக் கல்லறையில் பெங்கா ஊற்றியது ஒழுங்காக இறங்கியது. வெலிக்கா இன்னும் ஊற்றினாள். அதுவும் நின்றது. மேலும் ஊற்றப் புட்டியைச் சாய்த்தபோது தன் கையைப் பார்த்தாள். சாய்ந்த புட்டியும் அதைப் பிடித்திருந்த கையும் அவளுக்குப் பழக்கமானவையாக இருந்தன.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. புல் இறக்க வந்த வண்டியோட்டியை நாக்கு காய அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். புல் யாருடையதோ அவர்கள்தான் ஊற்ற வேண்டும். டிரெய்லர் கவிழ்ந்த அன்று முற்றத்தில் ராங்கெலுக்குச் சாராயம் ஊற்றியவள் வெலிக்கா. அவன் போதும் என்று கோப்பையைக் கையால் மூடினான். மழை வரப்போகிறது, இதைக் குடித்துவிட்டு ஒரே ஓட்டமாகப் போய் வா என்று அவள்தான் கையை விலக்கிக் கடைசிக் கோப்பையை ஊற்றினாள். நீதிமன்றத்தில் எங்கே குடித்தாய் என்று கேட்டபோது ராங்கெல், என் வீட்டில், தனியாக, என்றான். வெலிக்கா முன் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை.

பெங்கா அருகில் வந்து நின்றாள். மண்ணில் நின்ற மதுவையும் வெலிக்காவின் முகத்தையும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் வாயைத் திறக்கவில்லை.

"நான்தானே ஊத்தினேன், பெங்கா" என்றாள் வெலிக்கா.

"தெரியும்க்கா."

"இவ்வளவு நாள் நீ ஏன் சொல்லலே?"

"சொன்னா தயிர் வாங்க வரமாட்டியே."

வெலிக்கா கல்லறையின் பக்கம் திரும்பினாள். மண்டியிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்து, மன்னிச்சிடு யாசென் என்றாள். மது அந்த நொடியே இறங்கியது. ஒரு நிபந்தனையும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் யாசென் அப்படித்தான். சூப் ஆறும் வரை கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவனால் முடிந்ததில்லை.

எட்டு நாள் கழித்து மன்னிப்பு ஞாயிறு. மத்தியானம் வெலிக்கா முக்காலியில் ஏறி உத்தரத்துக் கொக்கியிலிருந்து நூலின் முடிச்சை அவிழ்த்தாள். ஒன்பது வருடம் யாருக்கும் அவிழாத முடிச்சு அவளுக்கு அவிழ்ந்தது. நூலைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முட்டை அவள் கையிலிருந்து தொங்கி, அதே வட்டத்தில், அதே வேகத்தில் ஆடியது. எதிர்க்காற்று அடித்தது, அதை முட்டை சட்டை செய்யவில்லை. பெங்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கே என்று கேட்டாள். கிடைக்கு என்றாள் வெலிக்கா. மூத்தவள் இளையவனைத் தேடிப் போவதா, ஊரில் இப்படி ஒரு வழக்கமே இல்லையே என்று பெங்கா சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

முட்டை வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது என்ற செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஜனங்கள் பின்னால் வந்தார்கள். பாதிரியார் மெத்தோடி மடங்காத முழங்காலோடு கோவேறு கழுதை மேல் வந்தார். லில்யானா கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், ஆனால் பார்க்கவில்லை. பனி உருகிய சேற்றில் ஊர் முழுக்க வரிசையாக மலை ஏறியது. ராங்கெல் கட்டிய சுவர் வந்ததும் வெலிக்கா நின்று, அதன் மேல் கையை வைத்து மூச்சு வாங்கினாள். சுவர் உறுதியாக இருந்தது. அந்த இடத்தில் நிற்கும்போது, வாதுமை மரம் ஒன்றுக்காகப் பல வருடம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். தம்பி தெரியாமல் மன்னிச்சிடு என்றுவிட்டான். அண்ணன் தெரியாமல் இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு இருவரும் விழித்தார்கள். மேலே போகப் போக இது தொற்றிக்கொண்டது. மாமியார் மருமகளிடம் கேட்டாள், கடன் கொடுத்தவன் வாங்கியவனிடம் கேட்டான், பாதிரியார் கழுதையிடம் கேட்டார்.

கிடை வாசலில் ராங்கெல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். காலடியில் புட்டி இருந்தது, பாதி காலி. மலை மேல் ஏறி வரும் ஊரைப் பார்த்து, குடியில் தோன்றும் காட்சி என்று நினைத்துக் கண்ணை மூடித் திறந்தான். ஊர் இன்னும் கிட்டே வந்திருந்தது. எழுந்திருக்க முயன்று தடுமாறி மறுபடி உட்கார்ந்தான்.

பெங்கா வெலிக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, மூக்கைப் பொத்திக்கோ. உன் முதல் நிபந்தனையே புட்டியில மிதக்குது. வா, திரும்பிடலாம்."

"நிபந்தனை போட்டது நான்தானே" என்றாள் வெலிக்கா. "நானே எடுத்துக்கிறேன்."

அவள் நூலைப் பெங்காவின் கையில் கொடுத்தாள். பெங்காவின் கையிலும் முட்டை அப்படியே ஆடியது. வெலிக்கா அவன் எதிரே போய், சேற்றில் மண்டியிட்டு, தரை வரை குனிந்தாள். எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர் முப்பதுகளில் உள்ளவரிடம் அப்படிக் குனிந்ததாக அதற்கு முன் பேச்சில்லை. பின்னால் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"நீ வேணாம்னு கோப்பையை மூடினே. உன் கையை எடுத்துவிட்டு ஊத்தினது நான். கோர்ட்டுல நீ அதைச் சொல்லலே, உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிடு ராங்கெல்."

ராங்கெல் அவளைத் தூக்கப் பார்த்தான். குட்டைக் காலும் சாராயமும் சேர்ந்து அவனையும் சேற்றில் மண்டியிட வைத்தன. இருவரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். அவனிடம் இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை, பதில் சொல்லிப் பழக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வெலிக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்து மனதுக்குள் அவன் அதைச் சொல்லிப் பார்த்திருந்தான்.

"கடவுள் மன்னிப்பார் அத்தை, நானும் மன்னிக்கிறேன்" என்றான். பல் இல்லாத இடத்தில் காற்று போனது. நடுவில் மட்டும் மூச்சு விடவில்லை.

பிறகு அவன் தலையைக் குனிந்தான். வாய் சாராயம் நாறியது. கேட்பதற்கு அவனிடம் எந்தத் தகுதியும் மிச்சமில்லை, கேட்கவும் துணிவில்லை. வெலிக்கா அவன் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். அந்தச் சுருக்கங்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடவுள் மன்னிப்பார்" என்றாள். "நானும் மன்னிக்கிறேன்டா."

பெங்கா தன் கை திடீரென்று கனத்ததாகப் பிறகு சொன்னாள். முட்டை வேகம் குறைந்து, வட்டம் சிறுத்து, ராங்கெலின் மூக்குக்கு முன்னால் வந்து சோம்பலாகச் சுற்றியது. எல்லா முட்டைகளும் எப்படி ஆடுமோ அப்படி. யாரோ பின்னாலிருந்து, கையைப் பின்னால கட்டுடா, ஏமாத்தாதே, என்றார்கள். அவன் கட்டினான். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை மூக்கில் இடித்தது. முன்பல் இல்லாதவனுக்கு முட்டை எதற்கு என்று ஒருவர் சொல்ல, ஊர் சிரித்தது. வெலிக்காவும் சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை, முதலில் அது யாருடையது என்று திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை ராங்கெல் கவ்விவிட்டான். பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை வெலிக்காவுக்குக் கொடுத்தான். ஆவி பறந்தது.

"உப்பு இல்லை அத்தை" என்றான் வாய் நிறைய.

"ஒன்பது வருஷமா ஆடுது. உப்பு எங்கடா நிக்கும்?"

நூலைக் கொளுத்தும் உரிமை கவ்வியவனுக்கு உண்டு. ராங்கெல் தீக்குச்சி கிழித்து நூலின் நுனியில் வைத்தான். அது பற்றிக்கொண்டு எரிந்தது. விளைச்சல் சொல்வதற்காக எல்லோரும் அது எரிந்து முடியக் காத்திருந்தார்கள். அது முடியவில்லை. சுடர் நுனியிலேயே நின்றது, நூல் குறையவில்லை. இருட்டத் தொடங்கியதால் மன்னிப்பு ஞாயிறு இரவில் மூட்டித் தாண்டும் பண்டிகைத் தீயை அந்தச் சுடரிலிருந்தே முகட்டில் மூட்டினார்கள். பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும் அது தெரிந்தது. அந்த வருடத்துத் தீயைத் தாண்டிக் குதித்தவர்களில் பாதிரியாரும் உண்டு. அவருடைய முழங்கால் அதன்பின் மடங்குகிறது.

ராங்கெல் மறுநாள் ஊருக்கு இறங்கிவிட்டான். குடியை முழுதாக விட்டான் என்று சொல்ல முடியாது. பல மாதம் தொடமாட்டான், ஒரு நாள் தொட்டுவிடுவான். அன்று வெலிக்கா அவனைத் தெரு கேட்கத் திட்டுவாள், திட்டி முடித்து அவரைக்காய் சூப் ஊற்றுவாள். அவள் வீட்டில் இப்போது பால் கெட்டியாக உறைகிறது. ஆனாலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெங்கா வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை.

நூலைக் கோயில் முகப்பில் ஒரு ஆணியில் கட்டியிருக்கிறார்கள். எரிந்துகொண்டிருக்கிறது. காலையில் பெண்கள் அதிலிருந்துதான் அடுப்புக்கு நெருப்பு எடுத்துப் போகிறார்கள். ஊரில் இப்போது யாரும் தீப்பெட்டி வாங்குவதில்லை. கடைக்காரர் சில நாள் முணுமுணுத்தார். பிறகு அந்தத் தட்டில் சோப்பு அடுக்கி வைத்துக்கொண்டார்.